999 ரூபா ட்ரேட்மார்க்: வாங்கினவ சொல்றேன், ஒரு ஸ்டாருக்கு மேல தேறாது

ஃபேஸ்புக்ல கீழ தள்ளிக்கிட்டே போகும்போது "999 ரூபாயில் உங்க பிராண்டை பதிவு பண்ணுங்க"ன்னு செவப்புப் பட்டையோட ஒரு விளம்பரம் வரும் பாருங்க, அதை அமுக்கினவ நான். கம்பெனி பேரு போடல. போட்டா நாளைக்கே எனக்கு நோட்டீஸ் விடுவாங்க, நோட்டீஸ் விடறதுதானே அவங்க தொழிலே. அவங்களுக்கு ஒரு ஸ்டார். அப்புறமா போய் விழுந்தேனே ஒரு வக்கீல் மேடம், அவங்களுக்கு நாலரை. கவர்மெண்டு போர்ட்டலுக்கு நாலு. அதுக்கு மேல போலீசு, கோர்ட்டுன்னு இருக்கே அந்த சமாச்சாரத்துக்கு எத்தனை போடறதுன்னு எனக்கே புரியல, படிச்சிட்டு நீங்களே போட்டுக்கோங்க.

விருதுநகர் மாவட்டத்துல சின்ன ஊரு எங்களுது. 2017ல இருந்து இட்லி பொடி, பருப்புப் பொடி, சுக்குமல்லி காபித்தூள் போட்டு விக்கிறோம். ஆரம்பத்துல அத்தை வறுத்துக் குடுப்பாங்க, நான் மில்லுக்குத் தூக்கிட்டுப் போய் திரிச்சுட்டு வருவேன், தெரு ஆளுங்க டப்பா கொண்டு வந்து வாங்கிட்டுப் போவாங்க, அப்புறம் கவர் போட்டோம், அப்புறம் சீல் மெஷின், இப்ப நாலு பேரு வேலைக்கு வர்றாங்க, நாளைக்கு இருபது இருபத்தஞ்சு கிலோ ஓடுது, சுத்துப்பட்டுல நாப்பது சொச்சம் மளிகைக்கடைக்கு லைன் போகுது. பிராண்டு பேரு அத்தையோட அம்மா பேரு. மஞ்சக் கவர், வாழை இலை படம், நடுவுல செவப்பு எழுத்துல பேரு. எங்க சொத்துன்னா அதுதான். மிளகா வத்தலும் உளுந்தும் எல்லாரும் வாங்கற அதே கமிஷன் கடையிலதான் நாங்களும் வாங்கறோம், அதுல என்ன ரகசியம் இருக்கு.

2022ல இந்த விளம்பரத்துக்கு போன் போட்டேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு, வாய் நிறைய மேம் மேம்னு அவ்வளவு மரியாதை. 999 எங்க ஃபீஸ் மேம், கவர்மெண்டு ஃபீஸ் 9000 தனி மேம், ஜிஎஸ்டி தனி மேம். ஆதார், பான், லோகோ மூணையும் வாட்ஸ்அப்ல அனுப்பினா சாயங்காலத்துக்குள்ள அப்ளிகேஷன் நம்பர் வந்துரும்னாங்க, வந்துச்சு, அதை ஒத்துக்கணும். கூடவே ஒரு மெசேஜ், "வாழ்த்துகள் மேம், இனிமே பேருக்கு மேல வட்டத்துக்குள்ள ஆர் போட்டுக்கலாம்". பேரு பதிவாயிருச்சுங்கறதுக்கு அடையாளம் அந்த ஆர். நானும் அடுத்த லாட் கவர் அடிக்கும்போது பெருமையா போட்டேன். அதுக்கடுத்த லாட்லயும் போட்டேன். வீட்டுக்கு வந்தவங்ககிட்ட எல்லாம் காட்டினேன்.

என்னென்ன பண்ணி வச்சிருக்காங்கன்னு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. தனி ஆளு பேர்ல ஆன்லைன்ல போட்டா ஒரு கிளாஸுக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, 4500தான் அரசாங்க ஃபீஸு, 9000ங்கறது பெரிய கம்பெனிகளுக்கு. எங்க ரசீதுலயே 4500ன்னு இருக்கு, மீதி எங்கன்னு கேட்டா "அது ப்ராசஸிங் மேம்". சரி அது காசு, போனா போகுது. டிஎம்-ஏன்னு ஒரு ஃபார்ம், அதுல இந்தப் பேரை எப்போதிருந்து யூஸ் பண்றீங்கன்னு ஒரு கேள்வி இருக்கு, 2017ல இருந்துன்னு போட்டா பழைய பில்லு, கவரு ஃபோட்டோ எல்லாம் சேர்த்து ஒரு அஃபிடவிட் வைக்கணும், அந்த வேலையை எவன் பாக்கறதுன்னு "இனிமேதான் யூஸ் பண்ணப் போறோம்"னு போட்டு விட்டுட்டாங்க. அஞ்சு வருஷம் அத்தை அடுப்படியில நின்னது கணக்குலயே வரல. நம்ம சட்டத்துல எனக்கு முன்னாடி பதிஞ்சவனே வந்து நின்னாலும், அவனுக்கும் முந்தி நான் தொடர்ந்து யூஸ் பண்ணிருந்தா என்னைத் தடுக்க முடியாது, 34ம் செக்‌ஷன், ஆக அந்த தேதிதான் உசுரு. அதைத்தான் விட்டுட்டாங்க.

இன்னொண்ணு அதைவிடக் கொடுமை. அப்ளிகேஷன் போட்டபிறகு எக்ஸாமினேஷன் ரிப்போர்ட்னு ஒண்ணு வரும், இந்தப் பேரு மாதிரியே இன்னின்னது இருக்கு, என்ன சொல்றீங்கன்னு கேப்பாங்க, ஒரு மாசத்துக்குள்ள பதில் போடணும். எனக்கு வரவே இல்ல, ஏன்னா ஃபார்ம்ல மெயில் ஐடின்னு அவங்களோடதைக் குடுத்திருக்காங்க. அந்தப் பொண்ணு வேலையை விட்டுப் போயிருச்சாம். பதில் போகல, அப்ளிகேஷன் "அபாண்டண்டு". கைவிட்டாச்சுன்னு அர்த்தமாம். நான் பாட்டுக்கு ஆர் போட்டுக்கிட்டுத் திரியறேன்.

இதெல்லாம் தெரிய வந்ததே ஒரு கல்லால.

2024 ஆவணி மாசம், லைனுக்குப் போன பையன் வந்து "அக்கா, அண்ணாச்சி உங்களை வரச் சொன்னாரு, கோவமா இருக்காரு"ன்னான். போனேன். அண்ணாச்சி கல்லாவுல இருந்துக்கிட்டே ஒரு பாக்கெட்டை எடுத்து வச்சாரு. "ஏம்மா, எங்க தெரு டீச்சர் வந்து சண்டை போடறாங்க, பருப்புப் பொடியில கல்லு இருந்து பல்லு ஆடுதாம். பேரு வந்ததும் தரத்தை விட்டுட்டீங்களா?" எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பாக்கெட்டைக் கையில வாங்கினேன், மஞ்சக் கவரு, வாழை இலை, செவப்பு எழுத்து, எல்லாம் நம்மளுதுதான், ஆனா கை சொல்லுது இது நம்மளுது இல்லன்னு, கவரு கொஞ்சம் மொறமொறன்னு இருக்கு, சீலு கோணலா இருக்கு. அப்புறம் பேரைப் படிச்சா ஒரே ஒரு எழுத்து, ஒத்தக்கொம்பு இருக்க வேண்டிய இடத்துல ரெட்டக்கொம்பு. பின்னாடி திருப்பினா எஃப்எஸ்எஸ்ஏஐங்கற உணவு லைசென்ஸ் நம்பர் 14 இலக்கமும் எங்களோடது, அதைக்கூட மாத்தல, அடப்பாவி. வட்டத்துக்குள்ள ஆர் கூட அப்படியே இருக்கு. எனக்கே இல்லாத ஆரு அவனுக்கும்!

கவர் அடிச்ச எடத்துல கேட்டேன். "ஃபைல் எங்ககிட்ட இருந்துச்சுங்க, ஒரு ஆளு வந்து எழுத்து மட்டும் மாத்திக் குடுங்கன்னாரு, நாங்க உங்க சொந்தக்காரங்கன்னு நினைச்சோம்". எந்த ஊரு, என்ன கடைன்னு சொல்ல மாட்டேன், எனக்கு இன்னும் அங்கதான் கவர் அடிக்கணும்.

முதல்ல ஸ்டேஷனுக்குத்தான் ஓடினேன். ரெண்டு பாக்கெட்டையும் டேபிள்ல வச்சேன். அந்த சார் ரெண்டையும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "ரெண்டும் ஒண்ணுதானேம்மா"ன்னாரு. "அதான் சார் கம்ப்ளைண்டே"ன்னேன். சிரிச்சுட்டாரு. அப்புறம் "இது சிவில் மேட்டரு, வக்கீலைப் பாருங்க"ன்னு அனுப்பிட்டாரு. கோவம் கோவமா வந்துச்சு, ஆனா பின்னாடி அந்த வக்கீல் மேடம் சட்டத்தை விளக்கினப்போ அவரை மட்டும் சொல்லிக் குத்தமில்லன்னு பட்டுச்சு. ட்ரேட்மார்க் சட்டம் 1999ல, போலி பேரு போட்டா ஆறு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரை ஜெயில், 50,000த்துல இருந்து 2 லட்சம் வரை அபராதம், 103ம் செக்‌ஷன், படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சரக்கைப் பிடிக்கப் போறதுன்னா டிஎஸ்பி அந்தஸ்துக்குக் கீழ உள்ளவங்க போக முடியாது, போறதுக்கு முன்னாடி ட்ரேட்மார்க் ரிஜிஸ்ட்ராரோட கருத்து வேற கேட்டு வாங்கணும், 115ல இருக்கு. இட்லி பொடிக்கு டிஎஸ்பி எங்க வருவாரு. இதுவே காப்பிரைட்டுன்னா எஸ்ஐயே வாரண்ட் இல்லாம சரக்கை அள்ளலாம். ஒரே கவரு, அதுல இருக்கற பேருக்கு டிஎஸ்பி, படத்துக்கு எஸ்ஐ. என்ன கணக்கோ.

மதுரையில இருக்கற அந்த மேடத்தை எங்க ஆடிட்டர்தான் சொன்னாரு. மொத்தமா 8000, அதுக்குள்ள புது அப்ளிகேஷன், அஃபிடவிட், ரிப்போர்ட் வந்தா பதில், அரசாங்க ஃபீஸ் மட்டும் தனி 4500ன்னு பேப்பர்ல எழுதியே குடுத்துட்டாங்க, மெயில் ஐடியும் என்னோடதையே போட்டாங்க. நாலரை ஸ்டாருக்கு அதுவே போதும். அரை ஸ்டார் ஏன் குறைச்சேன்னா அவங்க போனையே எடுக்க மாட்டாங்க, மெசேஜ்தான்.

என் கவரைப் பாத்ததும் அவங்க கேட்ட முதல் கேள்வி டூப்ளிகேட் பத்தி இல்ல. "இந்த ஆர் யாரு போடச் சொன்னது?" பதிவாகாத பேருக்கு அதைப் போடறது சட்டப்படி தப்பாம், 107ம் செக்‌ஷன், நாம அவன் மேல கேஸ் போடப் போனா அவன் வக்கீல் முதல்ல இதைத்தான் தூக்குவாராம். டிஎம்னு போடலாம், அது யாரு வேணா போட்டுக்கலாம், ஆர் சர்ட்டிபிகேட் வந்த பிறகுதான். வீட்டுல எட்டாயிரம் கவர் கட்டுக் கட்டா கிடக்கு. தூக்கிப் போட மனசு வரல. கறுப்பு மார்க்கர் ஒரு டஜன் வாங்கிட்டு வந்து நான், அத்தை, வேலைக்கு வர்ற நாலு பேரு, சாயங்காலம் சாயங்காலம் உக்காந்து அந்த வட்டத்தை ஒவ்வொண்ணா அடிச்சோம். வழவழப்புக் கவர்ல மை காயறதுக்குள்ள தொட்டா வெரலெல்லாம் கறுப்பு. அத்தை கேட்டாங்க, "ஏத்தா, எங்கம்மா பேரைத் திருடினவன் அங்க ஜம்முன்னு இருக்கான், நாம எதுக்கு பொட்டை அழிச்சிக்கிட்டு இருக்கோம்?" நான் என்னத்தச் சொல்ல.

அடுத்து மேடம் "கவர் டிசைனை காப்பிரைட்டா பதிஞ்சு வச்சுக்கலாம், பதியலன்னாலும் உரிமை உண்டுதான், ஆனா கையில பேப்பர் இருந்தா ஸ்டேஷன்ல பேசலாம்"னாங்க. சாமான்ல ஒட்டற படத்துக்கு ஃபீஸ் 2000. அடடா சல்லிசுன்னு நினைச்சேன். ஆனா அதுக்கு முன்னாடி இதே மாதிரி ட்ரேட்மார்க் எதுவும் இல்லன்னு ரிஜிஸ்ட்ரியில ஒரு சர்ட்டிபிகேட் வாங்கணும், அதுக்கு ஃபீஸ் 9000. சுண்டைக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு நம்ம ஊர்ல சும்மாவா சொன்னாங்க.

"டிசைன் பண்ணது யாரு? அவங்ககிட்ட ஆட்சேபணை இல்லன்னு எழுதி வாங்கிட்டு வாங்க." பஸ் ஸ்டாண்டு பக்கத்துல டிடிபி சென்டர் வச்சிருக்கற பையன்தான் 2017ல 600 ரூபாய்க்குப் போட்டுக் குடுத்தது. போனேன், விஷயத்தைச் சொன்னேன், பேப்பரை நீட்டினேன். பையன் பேனாவை எடுக்கவே இல்ல. மூஞ்சி வெளிறிப் போச்சு. கதவை ஒருக்களிச்சு சாத்திட்டு மெதுவா கேக்கறான், "அக்கா, நான் வச்சிருக்கற கோரல் ட்ரா க்ராக் வெர்ஷன், ஃபான்ட்டெல்லாம் பென்டிரைவ்ல வந்தது, இதுல கையெழுத்துப் போட்டா என்னைய வந்து பிடிப்பாங்களா?" வாழை இலை எங்கிருந்து எடுத்தேன்னு கேட்டேன். கூகுள்ல இருந்தாம்!

சிரிக்கறதா அழறதான்னு தெரியாம அந்த பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காந்திருந்தேன். என் கவரை ஒருத்தன் திருடிட்டான்னு நான் ஊரெல்லாம் ஓடறேன், அந்தக் கவரே திருட்டு சாஃப்ட்வேர்ல, திருட்டு எழுத்துல, யாரோ எடுத்த இலையில செஞ்சது. 2017ல எல்லாத்துக்கும் ஒழுங்கா லைசென்ஸ் வாங்கித்தான் தொழில் ஆரம்பிக்கணும்னு எவனாவது கறாரா நின்னிருந்தா, அந்தப் பையன் கடையும் இருக்காது, என் பொடிக்குக் கவரும் இருக்காது, இன்னும் டப்பா கொண்டு வர்ற தெரு ஆளுங்களுக்குத்தான் வித்துக்கிட்டு இருப்பேன். இதை நினைச்சு ரெண்டு நாள் தூக்கம் வரல.

அமெரிக்காக்காரங்க ஸ்பெஷல் 301னு வருஷா வருஷம் ஒரு ரிப்போர்ட் போட்டு, இந்தியாவுல காப்பி அடிக்கறதைச் சரியாத் தடுக்கறதில்லன்னு நம்மளை ப்ரியாரிட்டி வாட்ச் லிஸ்ட்ல வைக்கிறாங்க. முன்னெல்லாம் இதை நியூஸ்ல படிச்சா போங்கடான்னு இருக்கும். இப்ப டூப்ளிகேட் பாக்கெட்டைக் கையில வச்சுக்கிட்டு படிக்கும்போது பாதி சரிதானோன்னு தோணுது, டிடிபி கடை ஸ்டூல்ல உக்காந்து யோசிச்சா மறுபடி போங்கடான்னு தோணுது. ட்ரேட்மார்க், காப்பிரைட்டு பத்தி உலக நாடுகளுக்குள்ள 1995ல வந்த ட்ரிப்ஸ் ஒப்பந்தத்துலயே 41ம் ஆர்ட்டிகிள்ல இருக்காம், இதுக்குன்னு தனி கோர்ட்டு வைக்கணும்னோ, மத்த சட்டத்துக்குச் செலவழிக்கறதை விட இதுக்குக் கூட செலவழிக்கணும்னோ எந்த நாட்டுக்கும் கட்டாயம் கிடையாதுன்னு. மேடம் சொன்னாங்க. நியாயமாத்தான் படுது, ஸ்டேஷன்ல ரெண்டு பேரு இருக்கற ஊர்ல திருட்டுச் சங்கிலியைத் தேடுவாங்களா என் ரெட்டக்கொம்பைத் தேடுவாங்களா. என் மக காலேஜ்ல பாதி புக்கு ஜெராக்ஸ்தான். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாதிரி பெரிய பதிப்பகங்க 2012ல டெல்லி யூனிவர்சிட்டி ஜெராக்ஸ் கடை மேல கேஸ் போட்டு, 2016ல படிப்புக்கு எடுக்கறது தப்பில்லன்னு ஹைகோர்ட் சொல்லி, 2017ல அவங்களே வாபஸ் வாங்கிட்டுப் போனாங்க. அந்தத் தீர்ப்பு வந்தப்போ கை தட்டினவ நான்.

ஆனா பணம் இருக்கறவனுக்கு மட்டும் இந்த எந்திரம் டக்குனு ஓடுது, அதைச் சொல்லாம இருக்க முடியல. 2019ல பெப்சிகோ சிப்ஸ் உருளைக்கிழங்கு ரகத்தை விளைச்சாங்கன்னு குஜராத் விவசாயிங்க மேல ஆளுக்கு 1.05 கோடி கேட்டு கேஸ் போட்டுச்சு, கோர்ட்டுல தடையும் வாங்கிருச்சு, நாடே கத்தினபிறகு அந்த மே மாசம் வாபஸ் வாங்கினாங்க. அது வேற சட்டம், பயிர் ரகச் சட்டம், தெரியும். நான் தடை உத்தரவு கேக்கணும்னா ஜில்லா கோர்ட்டுக்குக் கீழ போக முடியாது, மேடம் கணக்குப் போட்டுக் குடுத்தாங்க, கோர்ட்டு ஃபீஸு, வக்கீல் ஃபீஸு, போக்குவரத்துன்னு ஆரம்பிக்கவே முக்கால் லட்சம். அது எங்களுக்கு மூணு மாச லாபம். அதோட சேர்த்து மாசம் ரெண்டு தடவை கடையை மூடிட்டு கோர்ட்டு வராந்தாவுல நிக்கணும்.

கேஸ் போடல. 3500 ரூபாய்க்கு வக்கீல் நோட்டீஸ் விட்டோம். அதுக்கு பதிலே இல்ல. அப்புறம் நான் சும்மா இருக்க மாட்டாம எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பரை வச்சு உணவுப் பாதுகாப்பு ஆஃபீசர்கிட்ட ஒரு மனு குடுத்தேன், என் லைசென்ஸ் நம்பர்ல வேற ஒருத்தர் பொடி விக்கிறாங்க, கல்லு இருக்கு, நாளைக்கு யாருக்காவது எதுனா ஆனா என் தலையில விடியும்னு. மூணாவது நாள் போய் சாம்பிள் எடுத்துட்டு சரக்கை சீல் வச்சுட்டு வந்துட்டாங்க. பேரைத் திருடினதுக்கு வராத ஆளுங்க நம்பரைத் திருடினதுக்கு வந்தாங்க. உங்களுக்கும் இப்படி ஆச்சுன்னா ட்ரேட்மார்க் பக்கம் ஓடறதுக்கு முன்னாடி பாக்கெட்டோட முதுகைப் பாருங்க.

அதுக்கப்புறம் டூப்ளிகேட் போட்ட அந்த ஆளு எங்க வீட்டுக்கே வந்தாரு, சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு. முன்னாடி எங்க டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட லைன்ல வேலை பாத்தவராம். அந்தம்மாதான் வறுத்துத் திரிக்கிறது, எங்களை மாதிரியேதான். "அக்கா, என் பேர்ல போட்டா எவன் வாங்கறான், உங்க மஞ்சக் கவருதான் கடையில போகுது"ன்னாரு. அத்தை ரெண்டு பேருக்கும் காபி போட்டுக் குடுத்துட்டு அந்தம்மாகிட்ட "உளுந்தை வறுக்கறதுக்கு முன்னாடி புடைக்கணும் தாயி, அதான் கல்லு"ன்னு கிளாஸ் எடுத்துக்கிட்டு இருக்காங்க. நான் அடுப்படி வாசல்ல நின்னு பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கேன். இப்ப அவங்க பச்சைக் கவர்ல வேற பேர்ல போடறாங்க. நல்லாத்தான் போகுதாம்.

போர்ட்டல் பத்தி சொல்லணுமே. தேடறது இலவசம், யாரு வேணா உள்ள போய் உங்க பேரு மாதிரி என்னென்ன இருக்குன்னு பாக்கலாம், ஒரே மாதிரி ஒலிக்கறதையும் தேடித் தரும், நாலு ஸ்டார் அதுக்குத்தான். கவர் அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் அதுல உக்காருங்க. பொடி, மசாலா, காபி எல்லாம் 30வது கிளாஸ், ஊறுகா, எண்ணெய் 29, ரெண்டும் விக்கிறதா இருந்தா ரெண்டு ஃபீஸு. டிஜிட்டல் சிக்னேச்சர் இருந்தா நீங்களே போடலாம், ஏஜெண்டே வேணாம், ஆனா யூஸர் அஃபிடவிட்டும் ரிப்போர்ட்டுக்குப் பதிலும் விவரம் தெரிஞ்சவங்க பாத்தாத்தான் நல்லது. பேரும் யோசிச்சு வைங்க. நான் முதல்ல "கைமணம்"னுதான் வைக்கறதா இருந்தேன், நல்லவேளை அத்தை விடல, பொருளோட பெருமையைச் சொல்ற வார்த்தையை ஒருத்தருக்கே பட்டா போட்டுக் குடுக்க மாட்டாங்க. ஐடிசியோட மேஜிக் மசாலாவுக்கும் நெஸ்லேவோட மேஜிகல் மசாலாவுக்கும் நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்ல 2013ல இருந்து நடந்த கேஸ், 2020ல அந்த மாதிரி வார்த்தை எல்லாருக்கும் பொதுன்னு ஐடிசிக்கு எதிரா முடிஞ்சுது. அவங்களுக்கே அந்தக் கதி. எம்எஸ்எம்இன்னு சிறு தொழில் பதிவு இருக்கறவங்க கேட்டுப் பாருங்க, ட்ரேட்மார்க் கிடைச்சபிறகு 10,000 வரைக்கும் திருப்பித் தர்ற திட்டம் ஒண்ணு இருக்கு, அந்த 999 பொண்ணு மருந்துக்குக்கூட அதைச் சொல்லல.

எங்க புது அப்ளிகேஷன் 2017 தேதியோட போயிருக்கு, பழைய பில்லு புக்கு, 2018 பொங்கலுக்கு எடுத்த ஒரு ஃபோட்டோவுல அத்தைக்குப் பின்னாடி கவரு தெரியுது, அதெல்லாம் வச்சு. ரிப்போர்ட் வந்துச்சு, அத்தையோட அம்மா பேருலயே வேற ரெண்டு கம்பெனி இருக்காம், மேடம் பதில் போட்டாங்க, ஒத்துக்கிட்டாங்க. போன திங்கக்கிழமை ட்ரேட்மார்க் ஜர்னல்ல வந்துருச்சு. இனி நாலு மாசத்துக்குள்ள யாரும் எதிர்ப்பு குடுக்கலன்னா சர்ட்டிபிகேட், பத்து வருஷத்துக்கு.

கவர் புதுசா அடிக்கக் குடுத்தாச்சு. வாழை இலை நம்ம கொல்லையில இருந்ததை நானே போன்ல எடுத்தது. அந்த டிடிபி பையன் இலவசமா கிடைக்கற ஒரு சாஃப்ட்வேர் கத்துக்கிட்டு அதுலதான் போட்டுக் குடுத்தான், இந்த வாட்டி 1500 வாங்கினான், கையெழுத்தும் போட்டான். பேருக்கு மேல இப்போதைக்கு டிஎம்தான். அதுக்குப் பக்கத்துல ஒரு சின்ன வட்டம் அளவுக்கு இடம் காலியா விட்டிருக்கான், ஏன்டா கோணலா இருக்கேன்னு கேட்டா, "அக்கா, நாலு மாசம் கழிச்சு தேவைப்படும்ல"ங்கறான்.